பாகூர் ஏரிக்கரையில் எரிநட்சத்திரங்கள்

பள்ளிவாசலில் இரவு இஷா தொழுகை முடிந்து வந்த என் கணவர், ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று. நான் சிரித்தேன். எங்கள் மகளும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "அங்க வெளிச்சம் சரியில்ல," என்றார். அடுத்த நாள் இரவு அந்த வழியாக வரும்போது பார்த்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் நேராகச் செருப்பு விடும் இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

அவர் பதினெட்டு வருடங்களாக டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். சொந்த வண்டி, பன்னிரண்டு சீட். வேளாங்கண்ணி, நாகூர், திருவண்ணாமலை, திருப்பதி என்று வாரத்தில் நான்கு இரவுகள் ரோட்டில்தான் இருப்பார். செருப்பு மாறிய கதைக்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு சவாரி முடித்துத் திரும்பும்போது, எங்கள் நெல்லித்தோப்புத் தெருவிலேயே, ஓரமாக நிறுத்தியிருந்த பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. பால்காரர்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இவர் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணிநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்து கூப்பிட்டபோது, "நான் பாக்கவே இல்ல. அங்க சைக்கிள் இருந்ததே எனக்குத் தெரியல," என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலையில் போய், சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, படம் எடுத்து எல்லாம் முடிய மாலையாகிவிட்டது. டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகச் சொன்னார். விழித்திரையில் பிறவியிலேயே இருக்கும் கோளாறு இது. முதலில் போவது இருட்டில் பார்க்கும் சக்தி. அப்புறம் ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வை பல வருடங்கள் நிற்கலாம். "ராத்திரி வண்டி ஓட்டவே கூடாது. பகல்லயும் நிறுத்திடறதுதான் நல்லது," என்றார்.

பிழைப்பைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். மருந்து உண்டா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நட்சத்திரம் தெரியுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "இப்போ பெரிய நட்சத்திரம் கொஞ்சம் தெரியலாம். போகப்போகக் கொறையும்."

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். இரவுச் சவாரிகளில், வண்டியில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஊர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் இறங்கி நிற்பது அவர் வழக்கம். தூக்கம் கலைவதற்கு என்று சொல்வார். கல்யாணமான புதிதில் அதைப் பற்றி அவ்வளவு பேசுவார். "மேல பாத்தா கழுத்து வலிக்கும், ஆனா கண்ண எடுக்க முடியாது. உன்ன ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்." அந்த ஒரு நாள் வரவே இல்லை. சவாரி இருந்தால் வண்டியில் எனக்கு இடமிருக்காது. சவாரி இல்லாத இரவில் அவருக்குத் தூக்கம் வேண்டும். நானும் நெல்லித்தோப்பில் பிறந்து நெல்லித்தோப்பிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும் வானத்தில் இருபது நட்சத்திரம் இருந்தால் அதிகம்.

வண்டியை விற்க நான் விடவில்லை. "நான் ஓட்டறேன்," என்றேன். அவரே துறைமுகம் பக்கத்துக் காலி ரோட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கியர் மாற்றும்போது சத்தம் வந்தால் தன் பல்லைப் பிடுங்கியதுபோல முகம் சுளிப்பார். இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டு நான் பாதியில் இறங்கி ஆட்டோவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆறு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. அப்புறம் வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜும் வந்தது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை எனக்குச் சரியாக அமைந்தது. அவர் உழவர்கரையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சேர்ந்தார். பகல் வேலை, உட்கார்ந்த இடத்தில் பில் போடுவது.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். இரவுத் தொழுகை வீட்டிலேயே. கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் நானும் மகளும்தான் போவோம். "எனக்கு அசதியா இருக்கு," என்பார். விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அப்போது மகள் பிளஸ் டூ. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் போனில் எதையோ படித்துவிட்டு வந்து, இந்த வாரம் எரிநட்சத்திரங்கள் நிறைய விழும் என்றாள். மூன்று பேரும் மொட்டைமாடியில் பாய் போட்டோம். தெருவில் புதிதாகப் போட்ட வெள்ளை விளக்குகள் கீழிருந்து மாடிச் சுவரையே பளிச்சென்று காட்டின. பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஃபிளட் லைட். எதிர்ப்பக்கம் ஜவுளிக்கடை போர்டு நிறம் மாறி மாறி எரிந்தது. ஒரு மணிநேரம் பார்த்தோம். ஒரு விமானம் போனது.

மறுநாள் கடற்கரைக்குப் போனோம். கடல் பக்கம் இருட்டாகத்தானே இருக்கும் என்று நான்தான் சொன்னேன். பீச் ரோடு முழுக்க விளக்கு, ஐஸ்கிரீம், செல்ஃபி. கடலுக்குள்ளும் படகுகளின் விளக்குகள் வரிசையாக நின்றன. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாறைகள் பக்கம் போய் நின்று மேலே பார்த்துவிட்டு, "போலாம்," என்றார். அவ்வளவுதான்.

டிசம்பரில் மகள் மறுபடி போனோடு வந்தாள். வருடத்திலேயே எரிநட்சத்திரங்கள் அதிகமாக விழுவது இப்போதுதானாம்; நிதானமாக, வெளிச்சமாக விழுமாம்; நிலாவும் சீக்கிரம் மறைந்துவிடுமாம். அவர் கையை ஆட்டினார்.

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன்? நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாருங்க."

"வழி யாரு சொல்றது? எனக்கு அரியாங்குப்பம் பாலத்தத் தாண்டி ஒண்ணும் தெரியாது," என்றேன்.

"போன்ல போட்டா சொல்லிடும்."

"எங்க இருட்டா இருக்கும்னு போன் சொல்லுமாங்க?"

ரொம்ப நேரம் கழித்து, நான் பாத்திரம் கழுவி முடித்து வந்தபோது, "பாகூர் ஏரி," என்றார். "கிருமாம்பாக்கத்துல மேற்கால திரும்பணும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வயல்தான். வெளக்கு கெடையாது."

அதுவரை நான் இருட்டிய பிறகு ஊரைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. பத்தரை மணிக்குக் கிளம்பினோம். அவர் முன்சீட்டில், மகள் பின்னால் பாய், போர்வை, பிளாஸ்க்கோடு. கடலூர் ரோட்டில் எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணை அறைந்தது. என் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

"லைட்டப் பாக்காத. ரோட்டோட இடது ஓரத்து வெள்ளக் கோட்டப் பாரு," என்றார். "இப்ப ஒரு வளைவு வரும், வலது பக்கம். அப்புறம் ஸ்பீட் பிரேக்கர், மெதுவாப் போ."

வளைவு வந்தது. ஸ்பீட் பிரேக்கர் வரவில்லை.

"அத எடுத்துட்டாங்க போல," என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. மகள் பின்னாலிருந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

தவளக்குப்பம் தாண்டும்போது கண்ணாடியில் தூறல் விழுந்தது. முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. நான் வேகத்தைக் குறைத்தேன். "திரும்பிடலாமா?"

"வந்தது வந்துட்டோம். காத்து நின்னுடுச்சு பாரு, தெளிஞ்சாலும் தெளியும்."

ஏரிக்கரையை அடைந்தபோது தூறல் விட்டிருந்தது; ஆனால் மேலே ஒரே மேகம். கரை ஏறும் மண்பாதையில் மகள் போன் வெளிச்சம் காட்ட, நான் அவர் கையைப் பிடித்து மெல்ல ஏற்றினேன். ஒரு பக்கம் ஏரி நிறையத் தண்ணீர். மறுபக்கம் நெல் வயல்கள். தவளைச் சத்தம் காதை அடைத்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு மோட்டார் கொட்டாயில் மட்டும் ஒரு பல்பு எரிந்தது. பாயை விரித்து உட்கார்ந்தோம். டீ குடித்தோம். மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வயல் வரப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்து அசைந்து எங்களை நோக்கி வந்தது.

"யாரு அது? வண்டி யாருது?" பெண் குரல்.

"எங்க வண்டிதான்க்கா. டவுன்லேருந்து வந்திருக்கோம், நெல்லித்தோப்பு," என்றேன்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. வெளிச்சத்தை எங்கள் முகங்களில் ஒவ்வொன்றாக அடித்தார்.

"இந்நேரத்துல இங்க இன்னா வேலை?"

சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. "நட்சத்திரம் விழறதப் பாக்க வந்தோம்."

"நட்சத்திரமா?" மறுபடி டார்ச் எங்கள்மேல் வந்தது. என் கணவர் கண்ணை மூடித் திரும்பிக்கொண்டார். "வெளிச்சத்தக் கீழ காட்டுங்கக்கா," என்றேன். அப்புறம் அந்த அக்கா பக்கத்தில் போய் மெதுவான குரலில், "அவருக்குக் கண்ணு போயிட்டே இருக்கு. ராத்திரில சரியாத் தெரியாது. தெரியற வரைக்கும் பாக்கட்டும்னு கூட்டியாந்தேன்," என்றேன்.

அந்த அக்கா உடனே டார்ச்சை அணைத்தார். அவர் கணவருக்கு ஃபேக்டரியில் நைட் டூட்டி. மழைத் தண்ணீர் வயலில் நின்றால் பயிர் அழுகிவிடும் என்று வரப்பை வெட்டிவிட அவர் தனியாக வந்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, "எங்க ஊட்ல எரிநட்சத்திரம் பாக்கக்கூடாதும்பாங்க. பாத்தா மறதி வந்துடுமாம்," என்றார். "பாத்துட்டா ஒடனே பூ பேரு சொல்லிடணும். சொல்லிட்டா ஒண்ணும் ஆவாது."

"என்ன பூ வேணா சொல்லலாமா ஆன்ட்டி?" என்றாள் மகள்.

"எந்தப் பூவா இருந்தா இன்னா? வாய்ல வர்றதச் சொல்லு."

திரும்பி நடந்து போனார். வேலையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். மோட்டார் கொட்டாய்க்குப் போய் அந்தப் பல்பை அணைத்தார்.

ஒரே ஒரு பல்பு. அது இவ்வளவு இருட்டை மறைத்துவைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. அந்த நேரம் பார்த்துத்தான் மேற்கே மேகம் விலகத் தொடங்கியிருக்க வேண்டும். முதலில் ஒரு கிழிசல் அளவு. கால்மணி நேரத்தில் பாதி வானம்.

நாற்பத்தொரு வயதில் நான் முதல்முறையாக நட்சத்திரங்களைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. நட்சத்திரங்களுக்கு நடுவில் நட்சத்திரங்கள் இருந்தன. ஏரித் தண்ணீரிலும் நடுங்கிக்கொண்டு கிடந்தன. "சுப்ஹானல்லாஹ்," என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் அவர், பாயில் படுத்தபடி.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. உங்களுக்குத் தெரியுதா?"

"அங்கங்க நாலஞ்சு. பெருசு மட்டும்."

மகள் திடீரென்று கத்தினாள். "அதோ! அதோ போகுது!" வரப்பில் நின்றிருந்த அக்கா, "பூவச் சொல்லு, பூவச் சொல்லு!" என்று அங்கிருந்தே கத்தினார். "ரோஜா!" என்றாள் இவள். அக்கா தன் பங்குக்கு, "கனகாம்பரம்!" என்றார். அடுத்ததை நான் பார்த்தேன். யாரோ வானத்தில் தீக்குச்சி உரசியதுபோல ஒரு கோடு. "செவ்வந்தி," என்றேன். அதற்கடுத்தது மகளுக்கு. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல. மண்வெட்டியை ஊன்றிவிட்டு அக்காவும் வந்து எங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாறு பூக்களுக்குப் பிறகு எனக்கு உறைத்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நாங்கள் ஒவ்வொரு முறை கத்தும்போதும் தலையைத் திருப்புவார். அதற்குள் அது அணைந்திருக்கும். அவருக்குத் தெரிவது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும். நான் குரலைத் தாழ்த்தினேன். அடுத்து விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மகளும் அதையேதான் செய்தாள் என்று பிறகு சொன்னாள். மூன்று பெண்களும் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அவர்.

நான் போர்வையை இழுத்து அவர் கால்மேல் போட்டேன்.

"விழுந்துட்டுதான இருக்கு? எனக்காக நீங்க ஏன் வாயக் கட்டிக்கிறீங்க? சொல்லுங்க. எந்தப் பக்கம்னும் சேத்துச் சொல்லுங்க, நான் மனசுல போட்டுக்கிறேன்."

அதற்குப் பிறகு சொன்னோம். தெற்கே. ஏரி பக்கம். அந்தப் பனைமரத்துக்கு மேல. இது சின்னது. இது நீளம். மகள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, நேர் மேலேயே பார்க்கச் சொன்னாள். "அத்தா, தலையத் திருப்பாதீங்க. அங்கயும் இங்கயும் தேடினா எதுவும் கிடைக்காது. ஒரே இடத்தப் பாருங்க. அது வரும்."

இரண்டு மணி இருக்கும். பனி இறங்கி போர்வை நனைந்திருந்தது. உச்சியில் ஒன்று கிளம்பியது. மற்றவை மாதிரி இல்லை. பச்சையும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாமல், கோடு போட்டுக்கொண்டே போனது. போன பிறகும் புகை மாதிரி ஒரு தடம் நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் பூவெல்லாம் மறந்துபோய்விட்டது.

அந்த அமைதியில் அவர் குரல்தான் முதலில் வந்தது.

"மல்லி."

நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். "பாத்தீங்களா?"

"பாத்தேன்." கையைத் தூக்கி, விரலால் இருட்டில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இங்கேருந்து... இங்க வரைக்கும். பச்சையா இருந்துச்சு இல்ல?"

"ஆமா அத்தா, பச்சை," என்றாள் மகள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மல்லியா சொன்னீங்க? நல்ல பூ," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது. எத்தனை மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரே இரவில் இரண்டு முறை சிரிக்கிறார் என்று கணக்குப் பார்க்க முயன்று, விட்டுவிட்டேன்.

கிளம்பும் முன் மகள் டார்ச் பிடிக்க, அக்கா வரப்பை மூன்று இடத்தில் வெட்டிவிட்டார். வயல் தண்ணீர் சளசளவென்று வாய்க்காலில் இறங்கும் சத்தம் வண்டி வரைக்கும் கேட்டது. திரும்பும் வழியில் ஒரு பள்ளிவாசலிலிருந்து விடிகாலைப் பாங்கொலி கேட்டது. கிருமாம்பாக்கத்தில் அப்போதுதான் திறந்த கடையில் டீ குடித்தோம். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் ஏற்றினேன்.

ஒரே இரவில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த வாரமும் அவர் ஒரு கல்யாணத்துக்கு வர மறுத்தார். ஆனால் பொங்கல் கழிந்து ஒரு நாள், கண் பார்வை குறைந்தவர்களுக்கான வெள்ளைக் கோல் எங்கே கிடைக்கும் என்று அவராகவே டாக்டரிடம் கேட்டார். பழகுவதற்கு இரண்டு மாதம் ஆனது. முதல் நாள் தெருமுனை வரை போய் வந்ததும், ஏதோ திருப்பதிக்கே ஓட்டிவிட்டு வந்தவர்போல விசிறிக்கடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இப்போது மாலையில் தனியாகவே பள்ளிவாசலுக்குப் போகிறார். அரசியல் பேசுகிறார். நேரம் கழித்து வருகிறார். அதற்காக நான் சண்டை போடுகிறேன்.

நான் இரவுச் சவாரியும் எடுக்கிறேன். பெண்கள் மட்டும் போகும் குழுக்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எங்கே இருட்டு நன்றாக இருக்கிறது என்று என் கண் தானாகவே பார்த்துவைக்கிறது. மரக்காணத்து உப்பளங்களுக்கு உள்ளே தள்ளி ஒரு இடம் இருக்கிறது. பாகூரில் போன வருடம் கரையோரம் இரண்டு கம்பத்தில் விளக்கு வந்துவிட்டது. இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் போதும்.

போன டிசம்பரில் அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான்கு மணிநேரம் படுத்திருந்தார். திரும்பும்போது வருத்தமா என்று கேட்டேன். "இருக்காதா? இருக்கு," என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஆனா வராம இருந்திருந்தா இன்னும் இருக்கும்," என்றார்.

இந்த வருடம் வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு விஷயம் தெரிந்து, எங்களையும் கூட்டிப் போங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டு சீட்டும் நிரம்பிவிட்டது. மடியில் உட்காரும் கணக்கு தனி. ஒரு வாரமாக அவர்தான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்வெட்டர் எடுத்து வாங்க. பாய் நாங்க கொண்டாரோம். போன் லைட்ட யாரும் போடக்கூடாதும்மா, முன்னாடியே சொல்லிடறேன். ஒரு அம்மா, மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

"வண்டிக்குள்ள ஒக்காந்து டீ குடிப்போம்," என்றார் இவர். "மேகம் எத்தன மணிநேரம் நிக்கும்?"